பவளத்தின் விலாவில் ஒரு கட்டி

பவளம் நான் தொட்டியில் வளர்க்கும் ஆக்ஸலாட்டல், தண்ணீரிலேயே வாழும் ஒரு நாலுகால் உயிரி. சித்திரை மாதக் கடைசியில் அவளது இடது விலாவில், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், பாசிப்பயறு அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. இப்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கட்டி அங்கேயேதான் இருக்கிறது. அது இன்னதுதான் என்று இதுவரை யாராலும் பெயர் வைக்க முடியவில்லை. பவளம் சாப்பிடுகிறாள், நடக்கிறாள், இரவில் தொட்டியை வலம் வருகிறாள். இடைப்பட்ட நாட்களில் பார்த்ததையும் செய்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஆக்ஸலாட்டல் வளர்க்கும் வேறு யாராவது ஒரு நாள் காலையில் இதே மாதிரி தொட்டி முன்னால் திகைத்து நிற்கலாம். அவர்களுக்குத் தமிழில் படிக்க ஏதாவது இருக்கட்டும்.

நான் தங்கச்சிமடத்துக்காரி. பாம்பனில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அம்மா வீட்டுக்குப் பின்னால் மல்லிகை நாற்றுப் போடுகிறார். கடலும் மணலும் வெயிலுமாக இருக்கும் இந்தத் தீவில் ஆக்ஸலாட்டல் வளர்ப்பது லேசான காரியம் இல்லை. மெக்சிகோ நகரத்தின் தெற்குப் பகுதியில் இருக்கும் சோச்சிமில்கோ ஏரியும் அதன் கால்வாய்களும்தான் இந்த உயிரின் சொந்த ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர், கொடைக்கானலைவிடக் கொஞ்சம் உயரம். அங்கேயே இப்போது அழிவின் விளிம்பில் நிற்கிறது. நன்னீர் உயிரி, குளிர்ந்த நீர் உயிரி. தவளைக்கு உறவான சாலமாண்டர் வகை, மீன் இல்லை. தலைப்பிரட்டைப் பருவத்துச் செவுள்களை உதிர்க்காமலே பெரிதாகி, அப்படியே முட்டையும் இடும். பவளம் வெள்ளை உடம்பும் கருப்புக் கண்ணும் கொண்ட வகை. தலையின் இரு புறமும் மும்மூன்றாக நிற்கும் சிவந்த செவுள்களைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தேன். சென்னை கொளத்தூரில் பிறந்தவள். காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கும் உயிரி என்பதால், 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்கிறேன். மருத்துவரிடம் போகும்போது அந்தக் காகிதம் கையில் இருப்பது நல்லது.

"கடல் பக்கத்துலதானே இருக்கு, அதுல கொண்டுபோய் விட்டா சுகமா இருக்குமே" என்று தெருவில் கேட்காதவர்கள் இல்லை. உப்பு நீரில் அது செத்துப்போகும். ஊருணியில் விட்டால் இங்கே இருக்கும் மீன் குஞ்சையும் தவளையையும் தின்னும், தன் நோயையும் பரப்பும். இரண்டுமே கூடாது என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகச் சொல்லியிருக்கிறேன்.

கட்டியைப் பார்த்தவுடன் நான் முதலில் சோதித்தது தண்ணீரை. பவளம் இருப்பது மூன்றடித் தொட்டி, அடியில் சரளைக்கல் கிடையாது, கடப்பாக் கல் பலகை மட்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரை 17 டிகிரியில் வைத்திருக்கிறேன். சோதனைச் சொட்டுகளில் அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 20க்குக் கீழே, பி.எச். 7.5. சரி, காரணம் தண்ணீர் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய வாரம் ஒரு மத்தியானம் கரண்ட் போய் வெகு நேரம் வரவில்லை, தொட்டி 25 டிகிரியைத் தொட்டது. 24க்கு மேல் போனாலே இவற்றுக்கு உடம்பு தாங்காது, நோய் எதிர்ப்பு குறையும். கட்டிக்கும் அந்தச் சூட்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று மருத்துவரும் உறுதியாகச் சொல்லவில்லை. இப்போது சில்லரை இன்வெர்ட்டரில் மாட்டியிருக்கிறோம். அதுவும் கைவிட்டால், உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களை மூடியோடு தொட்டியில் மிதக்க விடுவேன். எங்கள் ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை, கம்பெனிக்குத் தினமும் ஐஸ் கட்டி வருகிறது. ஆனால் அதை உடைத்துத் தொட்டியில் போடக் கூடாது. அது மீன் போடும் ஐஸ். உப்புக் கரைசலில் அமோனியா குளிரூட்டியால் உறைய வைத்தது, எந்தத் தண்ணீரில் செய்தார்கள் என்பதும் தெரியாது.

அடுத்தது கையை வைக்காமல் பார்ப்பது. கட்டியை அமுக்கிப் பார்க்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆக்ஸலாட்டலின் தோல் மெல்லியது, மேலே ஒரு வழுவழுப்பான பூச்சு இருக்கும், அந்தத் தோல் வழியாகவும் அது மூச்சு விடுகிறது. விரல் பட்டு அந்தப் பூச்சு போனால் பூஞ்சைக்கு வழி. அதனால் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைத் தொட்டிக்குள் சாய்த்து, அவளாகவே உள்ளே வரும்வரை காத்திருந்து, கிண்ணத்தோடு தூக்கினேன். கிண்ணத்துக்கு அடியில் ஒரு கிராப் தாள். மேலிருந்து ஒரு படம், இடது பக்கத்திலிருந்து ஒரு படம். நீளம் 5 மில்லிமீட்டர், அகலம் 4. கிட்டத்தில் பார்த்தால் கட்டியின் மேல் தோல் கொஞ்சம் இறுகி மினுமினுத்தது. குறுக்கே மயிரிழை போல ஒரு ரத்தக் குழாய் ஓடி, நடுவில் இரண்டாகப் பிரிந்தது. சிவப்பு இல்லை, புண் இல்லை, பஞ்சு பஞ்சாக எதுவும் இல்லை. அவள் திரும்பும்போது கட்டி தோலோடு சேர்ந்து நகர்ந்தது, உள்ளே விலாவோடு ஒட்டி நிற்கவில்லை. இந்தக் கடைசி விவரத்தை எழுதி வைத்தது பிற்பாடு ரொம்ப உதவியது.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். அப்பத்தா பசுமஞ்சள் அரைத்துக் கிண்ணத்தில் எடுத்தே வந்துவிட்டார். "புண்ணுக்கு மஞ்சளவிட என்ன மருந்து இருக்கு, ஒரு தொட்டு வச்சு விடுத்தா." புண்ணாக இருந்தால் யோசிக்கலாம் அப்பத்தா, இது தோலுக்கு அடியில் இருக்கிறது, மேலே பூசுவது உள்ளே போகாது, அவள் மூச்சு விடும் தோலை அடைத்துவிடும் என்று சொன்னேன். அப்பத்தா கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப தோல்லயும் மூச்சு விடுதா இது" என்று கேட்டார். அதற்குப் பிறகு மஞ்சள் பேச்சே இல்லை.

மாமா நாட்டுப்படகுக்காரர். வலையில் வரும் மீனில் கட்டி பார்த்த அனுபவம் அவருக்கு நிறைய. "களவாயில வாய்கிட்ட இந்த மாதிரி இருக்கும்மா. அதுபாட்டுக்கு இருக்கும், மீனும் அதுபாட்டுக்குத் திரியும். எல்லாக் கட்டியும் ஆளக் கொல்லாது" என்றார். எனக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான். கீறி எடுத்துவிடலாமா என்று அவரிடமே கேட்டேன். "செத்த மீனக் கீறித்தான் எனக்குப் பழக்கம், உசுரோட இருக்கறத டாக்டர்ட்ட காட்டு" என்றார்.

அம்மா எதுவும் சொல்லாமல் இருந்தார். ராத்திரி என்னிடம் வந்து, "நம்ம மருந்தடிக்கிறோமே, அதுனால இருக்குமா பிள்ள?" என்றார். நாற்றுகளுக்குப் பூச்சி மருந்து அடிப்பது உண்மை. தோல் வழியாக எல்லாவற்றையும் உறிஞ்சும் உயிரிக்குப் பூச்சி மருந்து பட்ட விரல்கூட விஷம். ஆனால் பவளம் வந்த நாளிலிருந்தே தொட்டி முன் அறையில்தான், நாற்றுப் பக்கம் ஜன்னல் கிடையாது. தோட்டத்து மண்புழுவை ஒருநாளும் போட்டதில்லை. அவளுக்கான புழுக்கள் தனித் தொட்டியில், மாட்டுச் சாணமும் வாழைச் சருகும் போட்டு வளர்ப்பவை. இதையெல்லாம் அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்படியும் அவர் மறுநாளிலிருந்து மருந்தடிக்கும் புடவையை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை.

அதற்குப் பிறகு நான் உட்கார்ந்து யோசித்தது, இது என்னவாக இல்லை என்பதை. பவளம் பெண். பெண் ஆக்ஸலாட்டலுக்கு ஆண் இல்லாமலே முட்டை நிறையும், அப்போது வயிறு இரண்டு பக்கமும் ஒரே அளவில் அகலமாகும். இது ஒரு பக்கம் மட்டும், அதுவும் வயிற்றில் இல்லை, விலாவில். ஆண்களுக்கு வளர்ந்தபின் பின்னங்கால்களுக்குப் பின்னால் வீங்கினாற்போல் இருக்கும், அது நோயே இல்லை, புதிதாக வளர்ப்பவர்கள் பலர் அதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். கல்லை விழுங்கி அடைத்திருந்தால் தீனி எடுக்காது, கழிவு நிற்கும். இவள் இரண்டிலும் சரியாக இருந்தாள். வாயு என்றால் ஒரு பக்கம் தூக்கி மிதப்பாள், அதுவும் இல்லை. தனியாக இருப்பவளை வேறு ஒன்று கடித்திருக்க வழியில்லை. உடம்பு முழுக்க நீர் கோத்தால் கழுத்தும் வயிறும் சேர்ந்து உப்பும், இது தனி உருண்டை. மிஞ்சியவை சீழ்க்கட்டி, நீர்க்கட்டி, புற்று, இல்லையென்றால் தப்பான இடத்தில் முளைக்கப் பார்க்கும் ஒரு கால். கடைசியில் சொன்னதைக் கதை என்று நினைக்க வேண்டாம். காயம் பட்ட இடத்தில் கூடுதலாகக் கால் முளைப்பது இவற்றில் நடப்பதுதான்.

உப்புக் குளியல், மெத்திலீன் நீலம் என்ற சாய மருந்து, ஃபிரிட்ஜில் வைப்பது என்று வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் சொல்லும் மூன்றும் எனக்குத் தெரியும். மூன்றையும் தொடவில்லை. முதல் இரண்டும் தோலுக்கு மேல் வரும் பூஞ்சைக்கானவை, தோலுக்கு அடியில் இருக்கும் உருண்டையை அவை எட்டாது. ஃபிரிட்ஜ் குளிரில் செரிமானமும் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்தே மந்தமாகும். என்ன நோய் என்று தெரியாதபோது எதற்காக அவளை அந்தக் குளிரில் போட வேண்டும்? பெயர் தெரியாத கட்டிக்கு மருந்து தேடுவதைவிட, அது வளர்கிறதா, நிற்கிறதா என்று அளந்து வைப்பதுதான் நாம் வீட்டில் செய்யக்கூடிய பெரிய உதவி. இதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே கிண்ணம், அதே கிராப் தாள், அதே வெளிச்சம். நண்டு எடை எழுதும் அதே மாதிரி நோட்டு ஒன்றில் தேதி, நீளம், அகலம், தீனி, தொட்டிச் சூடு.

வைகாசி முடிவதற்குள் 5 என்பது 8 ஆனது. அதற்கு மேல் காத்திருப்பது சரியில்லை. பக்கத்தில் ஓர் இடத்தில் போனில் கேட்டபோது ஆடு, மாடு, நாய் தவிர எதுவும் பார்ப்பதில்லை என்று வைத்துவிட்டார்கள். கடைசியில் மதுரையில் ஆமை, கிளி, அலங்கார மீன் எல்லாம் பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவர் கிடைத்தார். ஆக்ஸலாட்டல் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன், படங்களையும் அளவுகளையும் முதலில் அனுப்புங்கள் என்றார். நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். தோலோடு நகர்கிறது என்று எழுதியிருந்த வரியைப் பார்த்துவிட்டு, உடனே வயிற்றைத் திறக்க வேண்டிய கேஸ் மாதிரி இல்லை, அவசரப்படாமல் கொண்டு வாருங்கள் என்றார்.

கொண்டுபோவதுதான் பெரிய வேலை. அடைத்த தண்ணீரில் கழிவு போட்டு அமோனியா ஏறக் கூடாது என்பதற்காக இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்தினேன். தெரிந்த ஒரு இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் தடித்த பிளாஸ்டிக் பை வாங்கி, தொட்டித் தண்ணீரையே மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, மீதிக்கு அங்கேயே ஆக்ஸிஜன் அடைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். இறால் குஞ்சை வெளியூருக்கு அனுப்பும் முறை அப்படியே. புதுத் தெர்மாகோல் பெட்டி, அதில் ஓரத்தில் துண்டு சுற்றிய குளிர் பாட்டில்கள். மீன் வைத்த பழைய பெட்டியில் உப்பு ஊறியிருக்கும், அது வேண்டாம். விடியுமுன் கிளம்பினோம். மாமா பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பாலத்தில் காற்று வண்டியை ஆட்டியபோது இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். ராமநாதபுரம் தாண்டி விடிந்தது. பரமக்குடிக்கு அப்பால் நான்கு வழிச் சாலை, அங்கிருந்து குலுக்கல் இல்லை.

மருத்துவர் முதலில் அறை விளக்கைக் குறைத்தார். ஆக்ஸலாட்டலுக்கு இமை கிடையாது, வெளிச்சம் அதைத் துன்புறுத்தும். ஒரு ஈரத் துணியால் கண்ணை மறைத்து, சின்ன டார்ச்சைக் கட்டிக்குப் பின்னால் பிடித்தார். கட்டி முழுக்க வெளிர் ஆரஞ்சாக ஒளிர்ந்தது. கெட்டியான சதை என்றால் இருட்டாக நிற்கும், இது உள்ளே நீர் என்றார். அப்புறம் ஸ்கேன். அதற்கு அவளைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. ஒலி தண்ணீரில் நன்றாகப் போகும் என்பதால் கருவியின் முனையை நீருக்குள் விட்டுப் பக்கத்தில் பிடித்தாலே படம் வருகிறது. திரையில் ஒரு கருப்பு வட்டம், அதைச் சுற்றி மெல்லிய வெள்ளை ஓரம். உள்ளே தடுப்பு இல்லை, வயிற்றுக்குள் போகும் வால் எதுவும் இல்லை.

ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்க்க, மயக்கத்துக்காக யூஜினால் கலந்த தண்ணீரில் அவளை விட்டார். கிராம்பு எண்ணெயின் சாரம்தான் அது. அறைக்கே கிராம்பு வாசனை. கொஞ்சம் கொஞ்சமாகச் செவுள் ஆட்டம் நின்று, மல்லாத்தினாலும் திரும்பாத நிலைக்கு வந்தாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மருத்துவர் அவள் நெஞ்சுப் பக்கம் விரலால் காட்டினார். வெள்ளைத் தோலுக்கு அடியில் இதயம் துடிப்பது தெரிந்தது. "இதையே பாத்துக்கிட்டு இருங்க, நின்னா சொல்லுங்க" என்று எனக்கு ஒரு வேலை கொடுத்தார். மெல்லிய ஊசியில் வைக்கோல் நிறத்தில், தெளிவாக, இரண்டு மூன்று சொட்டு வந்தது. நல்ல தண்ணீருக்கு மாற்றிக் காற்றுக்கல் போட்டதும் முதலில் வலது பக்கத்து மேல் செவுள் ஒரு முறை உதறியது. அப்புறம் எல்லாம். மாமா வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

நுண்ணோக்கியில் சீழ் அணுக்கள் இல்லை, பாக்டீரியா இல்லை, சந்தேகப்படும்படியான செல்களும் அந்தச் சொட்டில் இல்லை. ஓரிரண்டு சாதாரணச் செல்கள் மட்டும். நீர்க்கட்டி என்று எழுதலாமா என்று கேட்டேன். அது வடிவத்தின் பெயர்தான், காரணத்தின் பெயர் இல்லை என்றார். நிணநீர் வழி அடைத்திருக்கலாம், தோல் சுரப்பி ஒன்று அடைத்திருக்கலாம், பழைய உள்காயமாக இருக்கலாம். அறுத்து எடுத்துத் திசுவைப் பார்த்தால் ஒழிய முடிவாகச் சொல்ல முடியாது. நன்றாகச் சாப்பிடும் ஒரு உயிரைப் பெயர் தெரிந்துகொள்வதற்காக மட்டும் அறுக்க நான் விரும்பவில்லை என்றார். அந்த மருத்துவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது அப்போதுதான். ஆண்டிபயாட்டிக் எழுதவில்லை. கிருமி இல்லாத இடத்தில் அது எதற்கு என்றார். வீட்டில் ஊசி போட்டு நீரை எடுக்கவே கூடாது, அப்படித்தான் சுத்தமான கட்டி சீழ்க்கட்டியாகும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் புற்று பற்றிக் கேட்காமல் இருக்கவில்லை. கால் போனால் கால், வால் போனால் வால், தண்டுவடத்தில் அடிபட்டால் அதுவும் வளரும் உயிருக்குப் புற்றே வராது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. மனிதனின் மரபுத்தொகுதியைவிட (ஜீனோம்) பத்து மடங்கு பெரிய அதன் மரபுத்தொகுதியை 2018இல் படித்து முடித்தார்கள், மீள வளரும் ரகசியத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதே சமயம் வயதான ஆக்ஸலாட்டல்களில் மாஸ்ட் செல் என்ற ஒரு வகை எதிர்ப்பு அணுவிலிருந்து வரும் கட்டிகள் முதலான புற்றுகள் ஆய்வுக்கூடங்களில் பதிவாகியிருக்கின்றன. வெட்டினால் வளர்ந்துகொள்ளும் என்று கத்தியை எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வளரும் என்பதற்காக வலிக்காது என்று ஆகிவிடுமா?

ஊர் திரும்பியதும் ஊசி பட்ட இடத்துக்காக வாசல் வாதாங்கொட்டை மரத்தில் தானாகப் பழுத்து விழுந்த இலைகளைக் கழுவிக் காயவைத்துத் தொட்டியில் போட்டேன். மருத்துவர் சம்மதித்த ஒரே கைவைத்தியம் அது. தண்ணீர் தேநீர் நிறமானது, பவளம் இலைக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தாள். கட்டி முதலில் 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கியது, ஆடியில் திரும்ப நீர் கோத்து 6 ஆனது, புரட்டாசியில் 7. இந்த மாதம் முழுக்க 7இலேயே நிற்கிறது. அந்த ரத்தக் குழாய் இன்னும் அதே இடத்தில் இரண்டாகப் பிரிகிறது.

கட்டி 10 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, நிறம் மாறினாலோ, தீனியை மறுத்தாலோ அறுத்து எடுத்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதற்கு டிரிக்கேன் என்ற மயக்க மருந்து வேண்டும், அது எப்போதும் கையிருப்பில் இருப்பதில்லை, முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றார் மருத்துவர். வரவழைத்து வைக்கச் சொல்லிவிட்டேன். பொரிப்பகத்தில் இரண்டு பைகள் கேட்டு வாங்கிப் பெட்டிக்குள் மடித்து வைத்தாயிற்று. எந்த நேரம் கூப்பிட்டாலும் வருகிறேன் என்று மாமாவும் சொல்லியிருக்கிறார்.